கழுவிய மோட்டார் சைக்கிளைப் பாதுகாப்பாக உலர்த்துவோம்

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருள் அல்ல. வீடும் காணியும் கைவிட்டுப் போன பின்னரும் கூடவே வந்த சொத்து பல குடும்பங்களுக்கு அது ஒன்றுதான். குத்தகைக்கு எடுத்த வயலைப் பார்க்கப் போவதும், பாலும் மரக்கறியும் சந்தைக்குக் கொண்டு செல்வதும், உரப்பை ஏற்றி வருவதும், நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதில்தான். 2020 மார்ச் மாதத்தில் எமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய மோட்டார் சைக்கிளின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் எவ்வளவு ஏறின என்பதை நாம் எல்லோரும் அறிவோம். எனவே இருக்கின்ற ஒன்றை நீண்ட காலம் காப்பாற்றுவதே எமக்கு இலாபம்.

மோட்டார் சைக்கிளைக் கழுவ வேண்டும் என்பதை யாரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கழுவிய பின்னர் அதை முறையாக உலர்த்துவோர் சிலரே. இரண்டு வாளி தண்ணீரை ஊற்றி, வெயிலில் நிறுத்திவிட்டு, “காய்ந்துவிடும்” என்று விட்டுவிடுகிறோம். வெளியே தெரியும் பாகங்கள் காய்ந்துவிடும் என்பது உண்மை. கண்ணுக்குத் தெரியாத இடங்களில் தங்கும் நீரே தீங்கு செய்கிறது. செயினிலும் கேபிளிலும் தங்கிய நீர் வாகனத்தை மெதுவாகத் தின்னும். பிறேக்கினுள் தங்கிய நீரோ ஒரு நொடியில் ஆளையே விழுத்திவிடும். ஆகவே, உலர்த்தி முடியும் வரை கழுவும் வேலை முடியவில்லை என்பதை முதலில் மனதில் வைப்போம்.

நீர் என்ன செய்கிறது?

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் சேர்ந்தால் போதும். அவற்றுடன் உப்பும் சேர்ந்தால் துரு பல மடங்கு விரைவாகப் பிடிக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால், பார்வைக்குக் காய்ந்தது போல இருக்கும் இரும்பும் உப்புப் படிந்த இடத்தில் ஈரமாகவே இருக்கும்.

எமது பகுதிகளில் உப்பு பல வழிகளில் மோட்டார் சைக்கிளை வந்தடைகிறது. சோளகக் காலத்தில் கடற்கரைக் கிராமங்களில் காற்றோடு உப்பு வந்து படிகிறது. மீன் பெட்டி ஏற்றினால் பெட்டியிலிருந்து வடியும் நீரில் உப்பு உண்டு. உரப்பை ஏற்றும்போது சிந்தும் பசளையும் ஒருவகை உப்பே. குறிப்பாக எம்.ஓ.பி. எனப்படும் பொட்டாசியம் குளோரைட்டு இரும்பை நன்றாக அரிக்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரும் கவனிக்கப்பட வேண்டியது. சுண்ணக்கல்லின் ஊடாக ஊறி வருவதால் அது கடின நீர். கடலை அண்டிய இடங்களில் உவர் நீர். இந்த நீரைத் துடைக்காமல் வெயிலில் காயவிட்டால், நீர் ஆவியாகிப் போய்விடும், அதிலிருந்த சுண்ணாம்பும் உப்பும் இரும்பின் மேலேயே நின்றுவிடும். பெற்றோல் ராங்கியிலும் கண்ணாடியிலும் காணப்படும் வெள்ளைப் புள்ளிகள் இவைதான். எனவே “வெயிலில் காயட்டும்” என்று விடுவது உலர்த்தல் ஆகாது. நீர் தானாகக் காய்வதற்கு முன்னர் நாம் அதைத் துணியால் எடுத்துவிட வேண்டும்.

நீர் தங்கும் முக்கியமான இடங்கள் இவை: பிறேக் டிறம்மின் உள்பகுதி, செயினின் கண்ணிகள், பிளக் இருக்கும் குழி, சுவிச்சுகளும் திறப்புப் போடும் துவாரமும், கிளச் மற்றும் பிறேக் கேபிள்களின் வாய், சைலன்சரின் உள்பகுதி, சீற்றின் ஸ்பொஞ், மட்காட்டின் உள்மடிப்புகள். இந்த எட்டு இடங்களையும் நினைவில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

கழுவும்போதே கவனிக்க வேண்டியவை

நீர் உட்புகாதவாறு கழுவினால் உலர்த்தும் வேலை குறையும்.

ஓடி வந்த உடனே கழுவ வேண்டாம். கையை வைத்துப் பார்க்கக்கூடிய அளவுக்கு என்ஜினும் சைலன்சரும் ஆற வேண்டும். இதற்கு அரை மணித்தியாலமாவது எடுக்கும். சூடான இரும்பில் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது திடீரெனச் சுருங்கி வளையவோ வெடிக்கவோ இடமுண்டு. எழும் நீராவி கையையும் முகத்தையும் சுடும்.

சைலன்சரின் வாயை ஒரு பொலித்தீன் பையால் மூடி, இறப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். திறப்புத் துவாரத்தின் மேல் ஒட்டுநாடா ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் இரண்டையும் அகற்ற மறக்கக் கூடாது. சைலன்சர் வாய் மூடியிருந்தால் என்ஜின் இயங்காது.

மோட்டார் சைக்கிளைக் கழுவ வாளியும் பழந்துணியும் பழைய பல்துலக்கும் தூரிகையும் போதும். சேர்விஸ் செய்யும் இடங்களில் வேகமாகப் பீச்சியடிக்கும் நீர் சேற்றை விரைவாக எடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதே வேகம் சில்லின் பெயாறிங்குகளுக்குள்ளும் ஹாண்டிலின் கழுத்துக்குள்ளும் புகுந்து அங்குள்ள கிறீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். அவ்வாறு கழுவ வேண்டி வந்தால், சில்லின் நடுப்பகுதி, ஹாண்டில் கழுத்து, சுவிச்சுகள், செயின், எயார் பில்ரர் பெட்டி ஆகியவற்றுக்கு நேரே பீச்சவேண்டாம் என்று சொல்லுங்கள்.

கிணற்றடியில் வைத்துக் கழுவாதீர்கள். குளத்துக்குள் இறக்கியும் கழுவாதீர்கள். பல குடும்பங்கள் ஒரே கிணற்றைப் பாவிக்கும் இடங்களில் இது மிக முக்கியம். கழுவிய நீரில் ஒயிலும் கிறீஸும் பெற்றோலும் கலந்திருக்கும். மண்ணின் கீழ் சுண்ணக்கல் உள்ள இடங்களில் அது கிணற்றைச் சென்றடைய அதிக காலம் எடுக்காது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட அவதியை நாம் மறக்கவில்லை. கிணற்றிலிருந்து தள்ளி, நீர் தேங்காத மேட்டு நிலத்தில் கழுவுங்கள்.

கழுவும் நேரம் காலையாக இருக்கட்டும். மாலையில் கழுவினால் இரவுப் பனியும் சேர்ந்து விடியும் வரை ஈரம் போகாது. ஐப்பசி முதல் மார்கழி வரையான மழைக்காலத்தில், மழை விட்டிருக்கும் ஒரு காலைப்பொழுதைத் தெரிவு செய்யுங்கள். கடைசியாக ஊற்றும் நீர் முடிந்தவரை நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். உவர்க் கிணறு உள்ள இடங்களில், பிடித்து வைத்த மழைநீர் ஒரு வாளி இருந்தால் இறுதியாக அலசுவதற்கு அதுவே சிறந்தது. சவர்க்கார நுரை எங்கும் நிற்கக் கூடாது.

முதற்படி: வடியவிட்டுத் துடைத்தல்

கழுவி முடிந்ததும் மோட்டார் சைக்கிளை நிழலான, காற்றோட்டமான இடத்தில் நடு ஸ்ராண்டில் நிறுத்துங்கள். வேப்ப மர நிழல் நல்லது. மண் இறுகிய தரையாக இருக்க வேண்டும். ஈர மணலில் ஸ்ராண்ட் புதைந்து வாகனம் சரிந்தால், அருகே விளையாடும் பிள்ளையின் மேல் விழக்கூடும். ஸ்ராண்டின் கீழ் ஒரு பலகைத் துண்டை வைப்பது பாதுகாப்பு.

ஐந்து நிமிடம் நீர் வடியட்டும். பின்னர் மூன்று துணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பருத்திச் சாரமோ பெனியனோ மிகவும் பொருத்தமானது. நைலோன் துணி நீரை உறிஞ்சாது. முதலாவது துணி ராங்கி, சீற், விளக்கு, கண்ணாடி ஆகியவற்றுக்கு. இரண்டாவது துணி என்ஜினுக்கும் சில்லுகளுக்கும். மூன்றாவது துணி செயினுக்கு மட்டும். செயின் துடைத்த துணியில் மணலும் ஒயிலும் இருக்கும். அதே துணியால் ராங்கியைத் துடைத்தால் பெயின்ற் கீறுப்படும். பிறேக் பகுதியைத் துடைத்தால் பிறேக் வழுக்கும்.

மேலிருந்து கீழாகத் துடையுங்கள். துணியை அழுத்தித் தேய்க்காமல், ஒற்றி எடுப்பது போல நீரை எடுக்க வேண்டும். மட்காட்டின் உள்பக்கத்தையும் சில்லுக் கம்பிகளின் அடியையும் விட்டுவிடாதீர்கள். துரு முதலில் தொடங்குவது அங்கேதான். ராங்கியின் மூடியைத் திறப்பதற்கு முன்னர் அதன் சுற்றுப்புறத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியின் விளிம்பில் நிற்கும் நீர் உள்ளே இறங்கிவிடும்.

சீற்றைக் கழற்ற முடிந்தால் கழற்றி, ஒரு பக்கமாகச் சரித்து நிறுத்திவையுங்கள். உறை கிழிந்த சீற்றின் ஸ்பொஞ் நிறைய நீரைக் குடித்து வைத்திருக்கும். ஒரு துணியை மேலே போட்டு அழுத்தினால் நீர் வெளியேறும். ஈரமான சீற்றை அப்படியே பூட்டினால் கீழிருக்கும் தகடு சில மாதங்களிலேயே ஓட்டை விழும்.

இரண்டாம் படி: மறைந்திருக்கும் நீரை வெளியேற்றுதல்

துணி போகாத இடங்களுக்குக் காற்றே வழி. நகரத்து கராஜ்களில் காற்றடிக்கும் இயந்திரம் உண்டு. எமக்கு வீட்டிலிருக்கும் சைக்கிள் பம் போதும். பம்மின் குழாய் நுனியைப் பின்வரும் இடங்களுக்கு அருகில் பிடித்து, பத்துப் பதினைந்து தடவை வேகமாக அடியுங்கள்.

1. பிளக் குழி: பிளக்கைக் கழற்றாமல், முதலில் அதன் அடியில் தேங்கிய நீரையும் மணலையும் ஊதி எடுக்க வேண்டும். அதன் பின்னரே பிளக் தொப்பியைக் கழற்றி, உள்ளேயும் வெளியேயும் துடைத்துப் பூட்டுங்கள். நீர் நிற்கும்போதே பிளக்கைக் கழற்றினால் மணலும் நீரும் நேரே சிலிண்டருக்குள் போகும். தொப்பியில் ஈரம் இருந்தால் மின்பொறி பிளக்கின் நுனிக்குப் போகாமல் ஈரத்தின் வழியே என்ஜின் உடலுக்குப் பாய்ந்துவிடும். கழுவிய பின்னர் எவ்வளவு உதைத்தாலும் இயங்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

2. சுவிச்சுகள், திறப்புத் துவாரம், கோர்ண்: ஒவ்வொரு சுவிச்சையும் அப்படியும் இப்படியும் சில தடவை அசைத்தபடி ஊதுங்கள்.

3. கேபிள்களின் வாய்: கிளச் பிடி, பிறேக் பிடி ஆகியவற்றின் அருகே கேபிள் உள்ளே நுழையும் இடம்.

4. பற்றரி முனைகள்: துடைத்து, ஊதி, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் தூரிகையால் அகற்றி, சிறிதளவு வாஸ்லின் பூசுங்கள். முனைகளைக் கழற்ற வேண்டுமானால் முதலில் கழித்தல் அடையாளம் உள்ளதையும், பூட்டும்போது கடைசியாக அதையும் பூட்டுங்கள். பற்றரியினுள் இருப்பது கந்தக அமிலம். கையிலோ கண்ணிலோ பட்டால் உடனே ஏராளமான நீரால் கழுவ வேண்டும்.

எயார் பில்ரர் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடதாசிப் பில்ரர் நனைந்திருந்தால் அதைக் கழுவவோ பிழியவோ கூடாது, மாற்றுவதே வழி. ஸ்பொஞ் பில்ரரைச் சவர்க்கார நீரில் கழுவலாம். முறுக்கிப் பிழிந்தால் கிழியும். இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தி நீரை எடுத்து, நிழலில் முற்றாகக் காயவைத்து, சிறிதளவு என்ஜின் ஒயிலில் தோய்த்து, மிச்ச ஒயிலை அழுத்தி எடுத்துவிட்டுப் பூட்டுங்கள்.

மூன்றாம் படி: என்ஜினை இயக்கிச் சூடாக்குதல்

சைலன்சர் வாயிலிருந்து பொலித்தீன் பையை எடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டு என்ஜினை இயக்குங்கள். இயங்கத் தொடங்கியதும் சைலன்சரின் வாயிலிருந்து வெண்புகையும் நீர்த்துளிகளும் வரும். பயப்பட வேண்டாம், அது நீராவி.

இங்கே பலர் அறியாத ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். சைலன்சரில் காணப்படும் நீர் எல்லாம் நாம் ஊற்றிய நீர் அல்ல. பெற்றோல் எரியும்போதே நீர் உண்டாகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. சைலன்சர் நன்றாகச் சூடேறியிருந்தால் இந்த ஆவி வெளியே போய்விடும். சூடேறாத சைலன்சரில் அது குளிர்ந்து, நீராகி, உள்ளேயே தங்கிவிடும். ஆகவே ஒரு நிமிடம் மட்டும் இயக்கிவிட்டு நிறுத்துவது உலர்த்தல் அல்ல. அது சைலன்சருக்குள் மேலும் நீர் சேர்ப்பதாகும். சைலன்சர் உள்ளிருந்து உக்கிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கழுவிய அன்று பத்துப் பதினைந்து நிமிடமாவது வாகனத்தை ஓட்ட வேண்டும். வயலுக்கோ கடைக்கோ போக இருக்கும் நாளில் கழுவினால் இதற்கென்று தனியாகப் பெற்றோல் செலவாகாது.

என்ஜினை வீட்டுக்குள்ளோ, படங்கால் மூடிய கொட்டிலுக்குள்ளோ, கதவு சாத்திய அறைக்குள்ளோ ஒருபோதும் இயக்காதீர்கள். மழை பெய்கிறது என்பதற்காகவும் வேண்டாம். சைலன்சர் புகையில் காபன் மொனொட்சைட்டு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, சத்தி என்று தொடங்கி, நித்திரையில் இருப்பவரை எழும்பவிடாமலே உயிரைப் பறித்துவிடும். ஒரே கூரையின் கீழ் வாகனத்தையும் வைத்துப் பிள்ளைகளையும் படுக்கவைக்க வேண்டிய நிலையில் உள்ள குடும்பங்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும்.

நான்காம் படி: பிறேக்கை உலர்த்துதல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

எம்மிடையே ஓடும் ஹொண்டா எம்.டி. 90, சீ.டி. 125 போன்ற பழைய மோட்டார் சைக்கிள்களிலும், இந்தியாவிலிருந்து வந்த சிறிய ரகங்கள் பலவற்றிலும் டிறம் பிறேக்கே உண்டு. டிறம்மின் உள்ளே இரண்டு பிறேக் சூக்கள் விரிந்து டிறம்மைப் பிடிப்பதால் வாகனம் நிற்கிறது. நீர் உள்ளே போனால் சூவுக்கும் டிறம்முக்கும் இடையில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் நின்று வழுக்கச் செய்யும். டிறம் மூடிய பாத்திரம் போன்றது. உள்ளே போன நீர் விரைவில் வெளியேறாது. டிஸ்க் பிறேக் திறந்திருப்பதால் நீர் விரைவில் எறியப்பட்டுவிடும். ஆனாலும் முதல் முறை பிடிக்கும்போது அதுவும் சற்றுப் பிந்தியே பிடிக்கும்.

கழுவிய உடனே ஏறி வேகமாக ஓடி, சந்தியில் பஸ் ஒன்று குறுக்கே வரும்போது பிறேக்கை மிதித்தால், கால் கீழே போகும், வாகனம் நிற்காது. பின்னால் மனைவியும் நடுவில் பிள்ளையும் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனவே பின்வரும் முறையைக் கையாளுங்கள்.

1. யாரையும் ஏற்றாமல், தனியாக, வாகனங்கள் ஓடாத ஒழுங்கையையோ வெறுமையான தெருவையோ தெரிவு செய்யுங்கள்.

2. முதலில் நிறுத்தி வைத்தபடியே முன் பிறேக்கையும் பின் பிறேக்கையும் பத்துத் தடவை பிடித்து விடுங்கள்.

3. மணிக்கு 15 அல்லது 20 கிலோமீற்றர் வேகத்தில் மெதுவாக ஓடுங்கள். ஓடும்போதே பின் பிறேக்கை இலேசாக அழுத்தி, நான்கைந்து நொடி வைத்து விடுங்கள். பல தடவை இவ்வாறு செய்யுங்கள். உராய்வினால் உண்டாகும் சூடு நீரை ஆவியாக்கும்.

4. முன் பிறேக்கையும் அதேபோல் இலேசாகப் பிடித்து விடுங்கள். சடுதியாக இறுக்கிப் பிடித்தால், காய்ந்த நொடியில் சில்லு இறுகி வழுக்கி விழுத்தும்.

5. பிறேக் வழமைபோல் பிடிக்கிறது என்று இரண்டையும் தனித்தனியாகச் சோதித்து உறுதி செய்த பின்னரே பெருந்தெருவுக்குப் போங்கள்.

மழையில் ஓடும்போதும், வெள்ளம் பாயும் வாய்க்காலைக் கடந்த பின்னரும் இதே முறையைப் பின்பற்றலாம். எவ்வளவு செய்தும் பிறேக் பிடிக்கவில்லை என்றால், நீர் அல்ல, ஒயிலோ கிறீஸோ பட்டிருக்கலாம். அல்லது சூ தேய்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டும் வரை ஓட வேண்டாம்.

ஐந்தாம் படி: உலர்ந்த இடத்துக்கு ஒயில்

ஓடி முடிந்து வந்ததும் செயின் சூடாக இருக்கும். அதுவே ஒயில் விடுவதற்கு நல்ல நேரம். ஈரச் செயினில் ஒயில் விட்டால் நீர் உள்ளேயே அடைபட்டுவிடும். எனவே முதலில் மூன்றாவது துணியால் நன்றாகத் துடைத்து, பிறகு 80 அல்லது 90 இலக்கக் கியர் ஒயிலைக் கண்ணிகளின் இடுக்குகளில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மேலே வழியும் ஒயிலைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மணல் ஒட்டி, செயினையும் பற்சில்லையும் அரத்தைப் போலத் தேய்க்கும்.

செயினைத் துடைக்கும்போதும் ஒயில் விடும்போதும் என்ஜின் கட்டாயம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். நடு ஸ்ராண்டில் நிறுத்தி, சில்லைக் கையால் சுற்றுங்கள். என்ஜின் இயங்க, கியர் போட்டுச் செயினைச் சுழலவிட்டுத் துணியைப் பிடிப்பது விரலைப் பற்சில்லுக்குக் கொடுப்பதற்குச் சமம். பிள்ளைகளை இந்த வேலைக்கு விடவே வேண்டாம். இதே வேளையில் செயினின் தளர்வையும் பார்க்கலாம். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால், சிறிய ரகங்களில் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை அசைய வேண்டும்.

கிளச், பிறேக் பிடிகளின் ஆணிகளுக்கும் கேபிள் வாய்களுக்கும் ஸ்ராண்ட் மூட்டுக்கும் ஒவ்வொரு சொட்டு என்ஜின் ஒயில் போதும். பிறேக் டிறம்முக்கு அருகில், டிஸ்க்கின் மேல், ரயரின் மேல் ஒயில் படக் கூடாது.

செய்யவே கூடாதவை

பெற்றோலால் கழுவுவதும் துடைப்பதும் வேண்டாம். பெற்றோல் விரைவில் காய்வதால் உலர்த்துவதற்கு நல்லது என்று சிலர் எண்ணுகின்றனர். விரைவில் காய்கிறது என்றால், அது விரைவில் ஆவியாகிறது என்பதுதான் பொருள். அந்த ஆவி காற்றை விடப் பாரமானது. நீர் பள்ளத்தை நோக்கி ஓடுவது போல, அது நிலத்தோடு தவழ்ந்து அடுப்படி வரை செல்லும். எவ்வளவு குளிரான நாளிலும் ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும். கிடுகும் படங்கும் கொண்டு நெருக்கமாக அமைந்த கொட்டில்களில் ஒன்று பற்றினால் வரிசையே பற்றும். கடுமையான கிறீஸ் அழுக்குக்குச் சிறிதளவு மண்ணெண்ணெய் பாவிக்கலாம். அதையும் அடுப்பு, விளக்கு, சிகரெட் ஆகியவற்றிலிருந்து தள்ளி, வெளியில் வைத்தே செய்ய வேண்டும்.

தீயால் உலர்த்த வேண்டாம். ஈரமான பிளக்கை அடுப்பில் காட்டுவதும், என்ஜினின் அடியில் தணல் வைப்பதும், பந்தம் பிடிப்பதும் சில இடங்களில் வழக்கமாக உள்ளன. காபரேற்றரிலிருந்து ஒரு சொட்டுப் பெற்றோல் கசிந்தாலே போதும்.

ரயருக்கும் சீற்றுக்கும் கால் மிதிக்கும் எண்ணெய் பூசிப் பளபளப்பாக்க வேண்டாம். கழிவு ஒயிலோ தேங்காயெண்ணெயோ பூசிய ரயர், வளைவில் சரியும்போது தெருவைப் பிடிக்காது. எண்ணெய் இறப்பரையும் கெடுக்கும்.

ராங்கியை வாய்வரை நிரப்பி வெயிலில் நிறுத்த வேண்டாம். சூட்டில் பெற்றோல் விரிந்து வெளியே கசியும்.

பெற்றோலில் நீர் கலந்துவிட்டால்

கழுவிய பின்னர் என்ஜின் இயங்கி, சிறிது தூரம் ஓடி, திக்கித் திக்கி நின்றால், பெற்றோலில் நீர் கலந்திருக்கலாம். நீர் பெற்றோலை விடப் பாரமானது. எனவே அடியில் தங்கும். என்ஜின் ஆறிய பின்னர், தீ எதுவும் அருகில் இல்லாத இடத்தில், பெற்றோல் குழாயைப் பூட்டி, காபரேற்றரின் அடியிலுள்ள வடிக்கும் ஆணியைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். சிறிது நேரம் வைத்துப் பார்த்தால் நீர் அடியில் தனியாகத் தெரியும். அவ்வாறிருந்தால் ராங்கியையும் வடித்துத் துப்புரவாக்க வேண்டும். காபரேற்றர் இல்லாத புதிய ரகங்களை மெக்கானிக்கிடமே கொடுங்கள். வடித்த பெற்றோலைக் குடிநீர்ப் போத்தலில் வைத்தால் பிள்ளைகள் எடுத்துக் குடிக்கக்கூடும்.

வெள்ளத்தில் மூழ்கியிருந்தால்

2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்திலும், 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் வெள்ளம் வந்தது. இவ்வாறு நீரில் மூழ்கிய மோட்டார் சைக்கிளுக்கு மேலே சொன்ன முறை போதாது.

முதல் விதி: உதைத்து இயக்க வேண்டாம். சிலிண்டருக்குள் நீர் இருந்தால், காற்றை அழுத்துவது போல நீரை அழுத்த முடியாது. பிஸ்ரனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அதன் பின் என்ஜினையே பிரிக்க வேண்டி வரும்.

திறப்பை நிறுத்தி, பற்றரியின் கழித்தல் முனையைக் கழற்றுங்கள். பிளக் குழியைத் துடைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றி, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். நீர் வெளியே வரும். என்ஜின் ஒயிலைப் பாருங்கள். பால் விட்ட தேத்தண்ணீர் போல இருந்தால் நீர் கலந்துவிட்டது. அதை முற்றாக வடித்துப் புதிய ஒயில் விட்டு, சிறிது நேரம் இயக்கிய பின்னர் அதையும் மாற்ற வேண்டும். மெக்கானிக்கிடம் கொண்டு போகச் சில நாட்கள் செல்லும் என்றால், பிளக் துவாரத்தினூடாக ஒரு தேக்கரண்டி என்ஜின் ஒயில் விட்டு, கிக்கரை மெதுவாகச் சில தடவை அசைத்து வையுங்கள். சிலிண்டர் துருப்பிடிக்காது. பிறேக் டிறம்களைத் திறந்து துப்புரவாக்கி, பெயாறிங்குகளுக்குப் புதிய கிறீஸ் போடுவதும் அவசியம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது நேர்ந்தது போல, கடல் நீரில் மூழ்கியிருந்தால் முதலில் நல்ல தண்ணீரால் பல தடவை அலச வேண்டும். உப்பு போகாமல் உலர்த்துவதில் பயனில்லை.

சுருக்கமாக

• ஆறிய பின் கழுவுக, கிணற்றடியில் கழுவற்க.
• தானாகக் காயுமுன் பருத்தித் துணியால் துடைக்குக.
• பிளக் குழியையும் சுவிச்சுகளையும் சைக்கிள் பம்மால் ஊதுக.
• திறந்த வெளியில் மட்டும் என்ஜினை இயக்குக. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடுக.
• தனியாக, மெதுவாக ஓடிப் பிறேக்கைக் காயவைத்துச் சோதிக்குக. அதன் பின்னரே மற்றவரை ஏற்றுக.
• உலர்ந்த பின் செயினுக்கு ஒயில் விடுக. பிறேக்கிலும் ரயரிலும் படவிடற்க.
• பெற்றோலும் தீயும் உலர்த்தும் வேலைக்கு வேண்டாம்.

இவ்வளவுக்கும் தேவையானவை மூன்று பழந்துணி, ஒரு சைக்கிள் பம், சிறிதளவு ஒயில், ஒரு மணித்தியால நேரம். வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இவற்றைப் பக்கத்தில் நின்று செய்து காட்டுங்கள். ஒரு தடவை தம் கையால் செய்தவர்கள் மறக்கமாட்டார்கள். குறிப்பாக, கழுவிய பின் முதலில் பிடிக்கும் பிறேக்கை ஆளில்லாத ஒழுங்கையில் பிடிக்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் ஏற்பட வேண்டும்.